தாயம் ஆடச் சொல்லிக்கொடுப்பது எப்படி: புளியங்கொட்டையில் தொடங்கிப் பித்தளைக் கட்டை வரை

தாயம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எடுத்ததும் கேட்பது பித்தளைக் கட்டையைத்தான். மின்னுகிறது, உருட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது, பெரியவர்கள் கையில் பார்த்தது வேறு. நான் கொடுப்பதில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் ஆட்டம் புளியங்கொட்டையில்தான் தொடங்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பின்னால் வருகிறது.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் வளர்ந்தவள். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கோடை விடுமுறையில் வெயிலுக்குத் தெருவில் விட முடியாத பிள்ளைகள் எங்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், வந்து உட்காருவார்கள். "பெரியம்மா, கட்டம் கீறுங்க" என்று ஒருத்தி சாக்பீஸை நீட்டுவாள். எனக்குத் தாயம் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஆச்சி. ஆச்சியிடம் கற்ற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு முறை கொஞ்சம் வேறாக இருக்கலாம். தாயத்துக்கு ஊருக்கு ஒரு விதி உண்டு, சில ஊர்களில் தெருவுக்கு ஒரு விதி.

கொட்டை தேய்ப்பது

நான்கு புளியங்கொட்டை வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவாக, பூச்சி அரிக்காமல், கையில் எடுத்தால் கெட்டியாக இருக்க வேண்டும். பழைய புளியிலிருந்து எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்த கொட்டை நல்லது. ஒரு பக்கத்தை மட்டும் கருங்கல்லிலோ சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ தேய்க்க வேண்டும். கருப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தேய்க்கத் தேய்க்க ஆசை வரும். கூடுதலாகத் தேய்த்தால் அந்தப் பக்கம் தட்டையாகி, கொட்டை எப்போதும் வெள்ளை கீழாகவே படுத்துக்கொள்ளும். தேய்க்கும்போது கொட்டை சூடாகும். சூடு வைத்து விளையாடுவதும் நடக்கும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேய்த்த பிறகு ஒவ்வொரு கொட்டையையும் தனியாக இருபது தடவை போட்டுப் பாருங்கள். வெள்ளையும் கருப்பும் ஏறக்குறைய சரிபாதி விழ வேண்டும். பதினைந்து தடவைக்கு மேல் ஒரே பக்கம் விழும் கொட்டையை ஒதுக்கிவிட்டு வேறு தேய்க்கலாம். இந்தச் சோதனையைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள், ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

சோழி இருந்தால் அதையும் போடலாம். வாய் மேலே பார்த்து விழுந்தால் ஒன்று என்று எண்ண வேண்டும். ஆனால் சோழியின் முதுகு வளைந்தது, வயிறு தட்டை. அதனால் சரிபாதி விழும் என்று நம்ப முடியாது. கணக்குப் பார்த்து ஆட விரும்பும் பிள்ளைக்குக் கொட்டைதான் தோது.

எண்ணும் முறை எளிது. நான்கையும் இரண்டு கைக்குள் குலுக்கி ஒரு சாண் உயரத்திலிருந்து போட வேண்டும். எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை. ஒன்று தெரிந்தால் தாயம். அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு. நான்கும் கருப்பாக விழுந்தால் எட்டு. எங்கள் வீட்டில் தாயம், நான்கு, எட்டு இவற்றில் எது விழுந்தாலும் மறுபடி போடலாம்.

கட்டம் கீறுவது

சிவப்புத் தரையாக இருந்தால் சாக்பீஸ், வெளிர் நிறத் தரையாக இருந்தால் கரித்துண்டு. டைல்ஸ் போட்ட வீட்டில் இரண்டுமே சரியாகப் பிடிக்காது. அங்கே ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பெரிய சதுரம். உள்ளே குறுக்கே நான்கு கோடு, நெடுக்கே நான்கு கோடு. 25 கட்டம் கிடைக்கும். ஒரு கட்டம் பிள்ளையின் உள்ளங்கை அளவு இருந்தால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுக்கட்டத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்துப் பெருக்கல் குறி போடுங்கள். அப்படி நான்கு. பலகையின் மையத்திலும் ஒன்று. பக்கத்து நான்கும் மலை. மலையில் இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது. மையத்தில் இருப்பது பழம். காய் அங்கே போய்ச் சேர்ந்தால் பழுத்துவிட்டது என்று எடுத்துவிடலாம்.

ஆளுக்கு ஒரு பக்கமாக நான்கு பேர் உட்கார வேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் மலைதான் நீங்கள் இறங்கும் இடம், அதுதான் உங்களுக்கு 1-ஆம் கட்டம். அங்கிருந்து வலப்பக்கமாகப் புறப்பட்டு வெளிவரிசையை முழுக்கச் சுற்ற வேண்டும். சுற்றி முடிக்கும்போது உங்கள் மலைக்கு இடப்பக்கத்துக் கட்டத்தில் வந்து நிற்பீர்கள். அது 16. அங்கிருந்து நேர் மேலே ஏறினால் உள்வரிசையின் மூலை, அது 17. இப்போது திசை மாறும். வெளியே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிய காய், உள்ளே கடிகார முள் போகும் திசையில் சுற்றும். 24-ஆம் கட்டம் உங்கள் மலைக்கு நேர் மேலே இருக்கும். அதற்கு மேலே 25, பழம்.

வார்த்தையில் படித்தால் குழப்பமாகத் தெரியும். கட்டத்துக்குள் 1 முதல் 25 வரை எண்ணைச் சாக்பீஸால் எழுதி ஒரு தடவை காயை நகர்த்திக் காட்டுங்கள். பிறகு எண்களை அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்டால் மற்ற மூன்று பக்கத்துப் பிள்ளைகளும் அந்த எண்ணையே பார்த்துத் தடுமாறுவார்கள், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் 1 வேறு இடத்தில் தொடங்குகிறது.

காய்க்கு எது கிடைத்தாலும் சரி: உடைந்த வளையல் துண்டு, சட்டைப் பித்தான், வேப்பங்கொட்டை, கூழாங்கல். ஒருவர் காய் இன்னொருவர் காயோடு கலக்காமல் தெரிந்தால் போதும். குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் அதன் பருப்பு விஷம். வாயில் போட்டுக் கடிக்கிற வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் குன்றிமணியை எடுக்கவே எடுக்காதீர்கள். முறைப்படி ஆளுக்கு நான்கு காய். புதிதாகக் கற்பவர்களுக்கு இரண்டு போதும்.

முதல் ஆட்டம்

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எத்தனை எட்டு விழுந்தாலும் தாயம் விழாதவர் வெளியேதான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகத் தாயம் வேண்டும். முதல் காய்க்கு மட்டும் தாயம், மற்றவை கூடவே இறங்கலாம் என்று ஆடும் வீடுகளும் இருக்கின்றன. எதுவானாலும் ஆட்டம் தொடங்கும் முன் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி போடும் எண் விழுந்துகொண்டே இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசியில் காய்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எட்டு, தாயம், மூன்று என்று விழுந்தால் தாயத்தில் புதுக் காயை இறக்கி, எட்டை ஒரு காய்க்கும் மூன்றை இன்னொரு காய்க்கும் வைக்கலாம். ஆனால் எட்டை ஐந்தும் மூன்றுமாக உடைக்கக் கூடாது. தாயத்தில் புத்தி வேலை செய்யும் இடம் இதுதான். கை போடுவதை நாம் மாற்ற முடியாது, ஆனால் விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பது நம் முடிவு. பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போது "அதை வை, இதை வை" என்று பெரியவர்கள் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். எங்கள் தார்சாவில் அப்படிச் சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு முறை போடும் வாய்ப்பு போய்விடும்.

எதிராளியின் காய் இருக்கும் கட்டத்தில் உங்கள் காய் சரியாக வந்து இறங்கினால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் திரும்பக் கைக்குப் போய்விடும், மறுபடியும் தாயம் விழுந்தால்தான் இறங்கும். வெட்டியவருக்கு இன்னொரு முறை போடக் கிடைக்கும். மலையில் மட்டும் வெட்டு இல்லை. அங்கே இரண்டு பேர் காயும் சேர்ந்தே நிற்கலாம்.

ஒரு காயையாவது வெட்டியவர்தான் உள்வரிசைக்குள் ஏறலாம், வெட்டாதவர் வெளியேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பழைய விதி. நல்ல விதிதான், ஆட்டத்துக்குச் சூடு கொடுப்பதே அது. ஆனால் முதல் சில ஆட்டங்களுக்கு அதை எடுத்துவிடுங்கள். இரண்டே காய் வைத்துக்கொண்டு வெட்டத் தெரியாத பிள்ளை சுற்றிச் சுற்றி வந்து அழத் தொடங்கிவிடும். வழி மனப்பாடமான பிறகு விதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெட்டுப்பட்ட பிள்ளைக்குக் கோபம் வரும். வரட்டும். சமாதானத்துக்காக வெட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அடுத்த தாயத்தை எதிர்பார்க்க வைப்பதுதான் நல்ல சமாதானம்.

இந்த ஆட்டம் எவ்வளவு பழசு

ஆட்டம் முடிந்து மோர் குடிக்கும் நேரத்தில் பிள்ளைகள் கேட்பார்கள், இதை யார் கண்டுபிடித்தது என்று. ஒரு ஆளின் பெயர் சொல்ல முடியாத ஆட்டம் இது. ஆனால் தடயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை நான் கதைபோலச் சொல்வேன்.

மொகஞ்சதாரோவில் தோண்டியபோது ஆறு பக்கமும் புள்ளி வைத்த சுடுமண் பகடைகள் கிடைத்தன. நீளமான தந்தத் துண்டுகளும் கிடைத்தன. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊர் அது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூதாடி தன் வீடு போன கதையைச் சொல்லிப் புலம்பும் பாடல் இருக்கிறது. அவன் போட்டது தான்றிக்காய். புளியங்கொட்டையும் சோழியும் தான்றிக்காயும் ஒரே வழக்கத்தின் பிள்ளைகள்: கையில் கிடைத்த கொட்டையை வீசி எண்ணுவது.

நம் பக்கத்தில் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையில். அங்கே சுடுமண்ணில் செய்த ஆட்டக்காய்களும் தாயக்கட்டைகளும் தந்தத் தாயக்கட்டையும் கிடைத்தன. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் ஏராளம். கல்லில் தேய்த்து ஆட்டச் சாமான் செய்வது அன்றைக்கே இருந்த பழக்கம் என்று சொன்னால், கொட்டை தேய்த்துக் கை வலிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை வரும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது புறநானூற்றின் 52-ஆம் பாட்டு. மருதன் இளநாகனார் பாடியது. பாண்டியன் படையெடுத்துப் போன பகைவர் நாட்டில் ஊர் அழிந்து கிடக்கிறது. பூசை நின்றுபோன பொதுமன்றம். அங்கே நரைத்த கிழவர்கள் ஆட்டக்காயை உருட்டி உருட்டித் தரை குழிந்திருக்கிறது. ஆட ஆளில்லாத அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிட்டு நிறைத்திருக்கிறது. போரின் அழிவைச் சொல்ல அந்தப் புலவர் எடுத்துக்கொண்டது ஆட்டம் நின்றுபோன ஒரு தரையை. ஊர் என்றால் கிழவர்கள் கூடி ஆடும் இடம் ஒன்று இருக்கும் என்பது அவருக்கு அவ்வளவு உறுதி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது நான் எதையும் குறைத்துச் சொல்வதில்லை. கோழி முட்டையில் சிரிப்பார்கள், ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள் என்று அவர்களே அடுத்துக் கேட்பார்கள்.

பழைய கோயில் மண்டபங்களுக்குப் போனால் தரையைப் பாருங்கள். கல்லில் கீறிய ஆட்டக் கட்டங்கள் பல இடங்களில் இன்னும் இருக்கின்றன. ஆடுபுலி ஆட்டக் கட்டத்தையும் அங்கே காணலாம்.

நாம் ஆடும் 25 கட்ட ஆட்டம் தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. ஆந்திரத்தில் அது அஷ்டா சம்மா, கர்நாடகத்தில் சௌகாபாரா. அங்கேயும் அதே சதுரம், அதே பெருக்கல் குறி. யாழ்ப்பாணத்திலும் தாயம் தாயம்தான். வடக்கே பச்சீசி என்று ஒன்று உண்டு. சிலுவை வடிவத் துணியில் சோழி போட்டு ஆடுவது. 1570-களில் அக்பர் எழுப்பிய பத்தேப்பூர் சிக்ரி அரண்மனை முற்றத்தின் தரையிலேயே பச்சீசிக் கட்டம் இருக்கிறது. அந்தச் சிலுவைக் கட்டம்தான் 1890-களில் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிக்கொண்டு லூடோ என்ற பெயரில் அட்டைப்பெட்டிக்குள் போய், திரும்ப நம் கடைகளுக்கு வந்தது. அமெரிக்காவில் அதற்கு முன்பே பார்ச்சீசி என்று விற்றார்கள். போனில் லூடோ ஆடும் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் நான் புளியங்கொட்டையைக் கையில் கொடுப்பேன்.

வீட்டில் தாயம் ஆடலாமா

சில வீடுகளில் இன்னும் இந்தக் கேள்வி வரும். தாயம் உருட்டினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். தருமர் நாட்டை வைத்துத் தோற்ற கதை எல்லோர் மனதிலும் இருக்கிறது. திருக்குறளில் சூதுக்கு என்று தனி அதிகாரமே உண்டு, 94-ஆவது. கவறு என்ற சூதாட்டக் கட்டையையும் சூதாடு களத்தையும் விடாமல் பிடித்திருந்தவர்கள் ஒன்றுமில்லாமல் போனதை வள்ளுவர் அதில் சொல்கிறார். அந்தப் பயத்தை நான் தள்ளிப் பேச மாட்டேன். பணம் வைத்து ஆடுவதை என் தார்சாவில் விட்டதே இல்லை, அஞ்சு ரூபாய்க்குக்கூட. ஆச்சியும் விட்டதில்லை. "துட்டு வச்சா அது வேற ஆட்டம், ஏட்டி" என்பாள்.

ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் கண் விழிக்க அதே ஆச்சிதான் கட்டையை எடுத்துப் போடுவாள். ஏகாதசி இரவில் பரமபதப் படமும் விரிப்போம். பணம் இல்லாத தாயம் வீட்டுக்கு ஆகாது என்று நான் நினைக்கவில்லை. மூன்று தலைமுறை ஒரே தரையில் ஒரே உயரத்தில் உட்காருவதற்கு வேறு எத்தனை சந்தர்ப்பம் இருக்கிறது?

பித்தளைக் கட்டைக்கு மாறுவது

இப்போது அந்தக் கணக்கு. நான்கு கொட்டை, ஒவ்வொன்றும் இரண்டு விதமாக விழலாம். மொத்தம் 16 விதம். அதில் தாயம் 4 விதத்தில் வரும், இரண்டு 6, மூன்று 4, நான்கு 1, எட்டு 1. அதாவது நாலு தடவைக்கு ஒரு தடவை தாயம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றும் நீளமாக, நான்கு பக்கத்தோடு இருக்கும். ஒரு பக்கம் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒரு பக்கம் வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டி மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. இங்கேயும் 16 விதம்தான். ஆனால் பங்கு வேறு. தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, பன்னிரண்டு 1.

தாயம் எட்டுக்கு ஒன்றாக இறங்கிவிட்டது, பார்த்தீர்களா? பித்தளைக் கட்டையில் ஐந்து முறை உருட்டினாலும் தாயமே விழாமல் போக ஏறக்குறைய பாதி வாய்ப்பு இருக்கிறது. கொட்டையில் அது கால்வாசிக்கும் குறைவு. காய் ஒன்றுகூட இறங்காமல் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சின்னப் பிள்ளை, "எனக்குத் தாயம் வராது" என்று எழுந்து போய்விடும். மறுபடி வந்து உட்காராது. கொட்டையில் தொடங்கச் சொல்வது அதனால்தான். லூடோவில்கூட ஆறு விழுவது ஆறுக்கு ஒன்று. நம் பித்தளைக் கட்டை அதைவிடக் கடுமையானது. பத்து, பதினொரு வயதில், காத்திருக்கத் தெரிந்த பிறகு கொடுங்கள்.

இந்த 16 விதத்தையும் பிள்ளைகளைத் தாளில் எழுதச் சொல்வேன். மேலே 0, 1, 2, 3. பக்கவாட்டில் 0, 1, 2, 3. நடுவில் கூட்டுத்தொகை. மூன்று ஏன் அடிக்கடி விழுகிறது என்று அதுவரை அதிர்ஷ்டம் என்று நினைத்தவர்கள், அந்தச் சதுரத்தில் குறுக்குக் கோட்டில் நான்கு மூன்றுகளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கட்டை வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். கண்ணாடி மேல் படுக்கவைத்தால் நான்கு பக்கமும் ஆடாமல் படிய வேண்டும். விளிம்பு கையைக் கீறாமல் மழுங்கி இருக்க வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே கட்டைகளை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துத் தரையில் உருளவிட வேண்டும். பொத்தென்று போடக் கூடாது. உருளாமல் சறுக்கிப்போன கட்டையை மறுபடி போடச் சொல்லலாம். வெற்றுத் தரையில் பித்தளை துள்ளும் என்றால் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்து அதில் உருட்டுங்கள்.

பித்தளைக்கு ஏற்றது 7-க்கு 7 கட்டம். வெளிவரிசை 24, அடுத்தது 16, அதற்குள் 8, நடுவில் ஒன்று, ஆக 49. கொட்டையில் ஒரு வீச்சுக்குச் சராசரி இரண்டரை. பித்தளையில் மூன்றே முக்கால். 25 கட்டத்தில் பித்தளையை உருட்டினால் வெட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், 49 கட்டத்தில் கொட்டை போட்டால் சாயங்காலம் ஆகிவிடும். மலைகளை எங்கே வைப்பது, மூலைகளும் மலையா, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு எந்தக் கட்டத்தில் ஏறுவது, உள்ளே திசை மாறுமா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. சாக்பீஸைக் கீழே வைக்கும் முன் இதையெல்லாம் பேசி, ஏறும் கட்டத்தில் அம்புக்குறி போட்டுவிடுங்கள். எங்களுக்குத் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு இவற்றில் எது விழுந்தாலும் மறுபடி உருட்டல் உண்டு. 16-ல் 6 விதம் அப்படி. அதனால் ஒரே கையில் நீளமாக ஓடுவது இந்த ஆட்டத்தில் சாதாரணம்.

இனி கொஞ்சம் சாமர்த்தியம். எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் உங்கள் காயை நிறுத்தாதீர்கள், அதிகம் விழுவது அதுதான். இரண்டும் நான்கும் அடுத்த ஆபத்து. ஆறு கட்டம் தள்ளி நின்றால் நேரடியாக அடிபட 16-ல் 1 மட்டும். ஏழு கட்டம் தள்ளி நின்றால் ஒரே உருட்டலில் எட்ட முடியாது, ஆனால் ஐந்தும் இரண்டுமாகச் சேர்த்து வந்து வெட்டுவார்கள். அதனால் பயம் இல்லாத இடம் மலை மட்டும்தான். அதேபோல், தாயம் விழுந்ததும் புதுக் காயை இறக்கும் அவசரம் எல்லோருக்கும் வரும். உங்கள் காய்க்கு அடுத்த கட்டத்தில் எதிராளி நின்றால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்தத் தாயத்தால் வெட்டினால் உள்ளே ஏறும் உரிமையும் கிடைக்கும், இன்னொரு உருட்டலும் கிடைக்கும்.

பழத்துக்குச் சரியான எண் விழ வேண்டும், கூடுதல் விழுந்தால் அந்தக் காய் நகராது. இங்கேதான் நன்றாக ஆடியவர்களும் மாட்டிக்கொள்வார்கள். 48-ஆம் கட்டத்தில் போய் உட்கார்ந்தால் தாயம் ஒன்றுதான் வழி, எட்டுக்கு ஒன்று. மற்றவர்கள் எல்லோரும் பழம் எடுத்துவிட்டுச் சாப்பிட எழுந்த பிறகும் அவர் உருட்டிக்கொண்டிருப்பார். காயை நிறுத்த வேறு இடம் இருந்தால் 46-ல் நிறுத்துங்கள். அங்கிருந்து பழத்துக்கு மூன்று வேண்டும், அது நாலு தடவைக்கு ஒரு தடவை விழும்.